இன்சுலினை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகனுக்குப் பதினோரு வயது. இரண்டு வருடமாக முதல் வகைச் சர்க்கரை நோய். தினமும் நான்கு ஊசி. ‘நோபல் பரிசு பெற்ற செல் சிகிச்சை, இனி இன்சுலின் வேண்டாம்’ என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து ஒரு கிளினிக்கில் விசாரித்தோம். பல லட்சம் கேட்கிறார்கள். நகையை விற்றாவது செய்யலாமா, டாக்டர்?
– ஒரு வாசகி, தேனி

பதில்: நகையை விற்காதீர்கள் அம்மா. இன்சுலினை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பரிசு உண்மை. கிருமிகளை அழிக்க வேண்டிய டி செல்கள் (ரத்த வெள்ளை அணுக்களில் ஒரு வகை) சில சமயம் சொந்த உடம்பையே தாக்கும்; முதல் வகைச் சர்க்கரை நோயில், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிப்பவை இவைதான். அவற்றை அடக்கி வைக்கும் இன்னொரு வகை டி செல்லை ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-இல் அடையாளம் காட்டினார். அந்த அடக்கும் செல்லுக்கு அவசியமான ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டுபிடித்தவர்கள் மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும். மூவருக்கும் 2025-இல் நோபல். அந்த மரபணு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளில் பலருக்குக் கைக்குழந்தையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடும்.

சரி, நோயாளியின் ரத்தத்திலிருந்தே இந்தச் செல்களைப் பிரித்து, ஆய்வகத்தில் பெருக்கி, திரும்ப ஏற்றினால்? அமெரிக்காவில் 14 பெரியவர்களுக்கு ஏற்றிப் பார்த்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். பெரிய ஆபத்து எதுவும் இல்லை. ஏற்றிய செல்களில் கொஞ்சம் ஒரு வருடம் கழித்தும் ரத்தத்தில் இருந்தன. அதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம் நோய் புதிதாக வந்த 110 பிள்ளைகளிடம் சோதித்தார்கள், எல்லோரும் 8 முதல் 17 வயது. செல் ஏற்றியும் சொந்த இன்சுலின் சுரப்பு குறைவது நிற்கவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் செல் இல்லாத வெற்று மருந்து பெற்றவர்களைவிட எந்த நன்மையும் தெரியவில்லை. என்னிடம் வரும் பிள்ளைகளின் முகங்களை நினைத்து மிகவும் வருந்தினேன்.

இன்னொன்று: அடக்கும் செல், மிச்சமிருக்கும் பீட்டா செல்களைக் காப்பாற்றலாம்; அழிந்துபோனவற்றை உண்டாக்காது. உங்கள் பையனுக்கு நோய் வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. கணையத்தைத் தேடிப் போகும்படி இந்தச் செல்களை மாற்றியமைக்கும் ஆராய்ச்சி நடக்கிறது. என் நம்பிக்கை அதன் மேல்தான்.

அந்த கிளினிக்கில் ‘இது ஆராய்ச்சி’ என்று சொன்னால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்த எண்ணைக் கேளுங்கள். நேர்மையான ஆய்வு என்றால் சோதனை மருந்துக்கு உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள். ‘சிகிச்சை’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கையில் பணம் இருந்தால், தொடர்ந்து சர்க்கரை அளவைக் காட்டும் சென்சார் வாங்க முடியுமா என்று அவனுடைய டாக்டரிடம் கேளுங்கள். இரவில் சர்க்கரை இறங்கினால் அது எழுப்பிவிடும்.