அடுத்த நிறுத்தத்தில் இறங்க முடியாதவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் முதல் நாவலை எழுதி முடித்திருக்கிறேன். ஒருவரையொருவர் அறியாத எட்டுப் பயணிகள், மண்சரிவால் பாதை அடைபட்டு ஒரு மலை விடுதியில் நான்கு நாட்கள் சேர்ந்து தங்க நேர்கிறது. எட்டுப் பேருக்கும் ஒவ்வொரு ரகசியம். இரண்டாம் நாள் ஒருவர் இறந்து கிடக்கிறார். கதையைச் சொல்பவளே கொலையாளி என்பது கடைசி அத்தியாயத்தில்தான் வெளிப்படும். ஆனால் படித்துப் பார்த்த தோழிகள் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். எட்டு ரகசியங்கள் அதிகமா? கடைசிவரை யாரும் ஊகிக்காமல் மறைப்பது எப்படி? அத்தியாயங்களுக்குத் தலைப்பு வைக்கலாமா? முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதல் நாவலை முடித்ததற்கு வாழ்த்துகள். தொடங்கியவர்களில் பெரும்பாலோர் முடிப்பதில்லை என்பதால் இதைச் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. தலைப்பு வைப்பது உங்கள் விருப்பம். எட்டு அதிகமா என்பதற்கு என்னிடம் கணக்கு எதுவும் கிடையாது. தோழிகள் கண்டுபிடித்ததற்காக வருந்தவும் வேண்டாம். கண்டுபிடித்த பிறகும் கடைசிப் பக்கம்வரை படித்தார்களா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

பயணத்தில் மனிதர்கள் முன்பின் தெரியாதவரிடம் ஏன் இவ்வளவு எளிதாக வாய் திறக்கிறார்கள் என்று சில காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1908இல் அந்நியனைப் பற்றி எழுதிய சிறு கட்டுரையில், நெருங்கியவர்களிடம் கவனமாக மறைப்பதைக்கூட மனிதர்கள் அந்நியனிடம் பாவமன்னிப்புக் கேட்பவர்களைப் போலக் கொட்டிவிடுகிறார்கள் என்கிறார். அவர் பேசுவது இன்று வந்து நாளை போய்விடும் வழிப்போக்கனைப் பற்றி அல்ல. இன்று வந்து நாளையும் தங்கிவிடுகிறவனைப் பற்றி. உங்கள் மண்சரிவு செய்யும் வேலையே வழிப்போக்கர்களைத் தங்கிவிட்டவர்களாக மாற்றுவதுதான். அதை நீங்கள் கவனிக்கவே இல்லை.

ஓர் இரவு ரயிலில் எதிர் இருக்கைக்காரர், தந்தை சாவதற்கு முன் எழுதிய கடிதத்தைத் தம்பியிடம் காட்டாமல் எரித்துவிட்டதாக என்னிடம் சொன்னார். சொன்னபின் நிம்மதியாகத் தூங்கியும் போனார். விடியற்காலையில் அவர் இறங்கியிருக்க வேண்டும்; முன்னால் தண்டவாளத்தில் ஏதோ பழுது என்று வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. பகல் ஏற ஏற அவர் முகம் மாறியது. நான் எங்கே இறங்குகிறேன், அங்கே யாரையெல்லாம் தெரியும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இரவில் பேசியபோது அவரிடம் இல்லாத பயம், பகலில் நான் புத்தகம் படித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தபோது வந்தது. நாவலாசிரியருக்கு வேண்டியது அந்தப் பகல்தான்.

1931 டிசம்பரில் துப்பறியும் நாவலாசிரியர் அகதா கிறிஸ்டி பயணம் செய்த ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் ரயில், வெள்ளம் தண்டவாளத்தை அரித்துவிட்டதால் வழியில் நின்றது. 1934இல் வந்த அவருடைய நாவலில் அதே வண்டியைப் பனி நிறுத்துகிறது. அப்படி நிறுத்துவது சந்தேகத்துக்குரியவர்களின் எண்ணிக்கையைக் குறுக்கும் உத்தி மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறீர்கள் போலும். அதனால்தான் உங்கள் எட்டுப் பேரும் வாயைப் பூட்டிக்கொண்டே விடுதிக்குள் நுழைகிறார்கள்.

இப்போது கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாம் அத்தியாயத்தில் கதைசொல்லி தன் அறையில் தனியாக இருக்கும்போது, “அந்த இரவை நினைத்ததும் உடல் நடுங்கியது” என்கிறாள். எந்த இரவு என்று சொல்லவில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் பெட்டியைத் திறந்து “அதை” எடுத்துப் பார்த்துவிட்டு மூடுகிறாள். அவள் யாரிடமிருந்து மறைக்கிறாள்? அறையில் வேறு யாரும் இல்லையே. மறைப்பவர் நீங்கள். அவளுடைய ரகசியத்துக்கும் அவளுக்கும் நடுவில் நீங்கள் கையை நீட்டி எங்கள் கண்ணைப் பொத்துகிறீர்கள். அந்தக் கை எங்களுக்குத் தெரிகிறது. தோழிகள் கண்டுபிடித்ததும் அதனால்தான். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும், ஆனால் வாசகர் பின்தொடர்ந்த மனம் அவனுடையதாக இருக்கக்கூடாது என்று ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் துப்பறியும் கதைக்கு விதி வகுத்தார். விதியை மீறி வென்றவர்கள் உண்டு. ஆனால் அவர்களுடைய கதைசொல்லிகள் இப்படி அறைக்குள் தனியாக நின்றுகொண்டு வாசகரைப் பார்த்து நடுங்குவதில்லை.

மண்சரிவை முதல் அத்தியாயத்திலிருந்து எடுத்துவிடுங்கள். விடுதியின் முதல் இரவில் எல்லோருக்கும் மறுநாள் கிளம்பிவிடலாம் என்ற நம்பிக்கை இருக்கட்டும். அந்தத் தைரியத்தில் உங்கள் கதைசொல்லி, காலையில் முதல் வண்டியில் போகவிருக்கும் ஒருவரிடம், ஓர் உண்மையைப் பாதியளவு சொல்லட்டும். நாங்களும் அதைக் கேட்கிறோம். விடிந்ததும் பாதை இல்லை. அவர் எதிரே அமர்ந்து காலை உணவு சாப்பிடுகிறார். பக்கத்தில் இருப்பவரிடம் குனிந்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். என்ன சொன்னார் என்பது அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அந்தக் காட்சியை மட்டும் எழுதி அனுப்புங்கள். மற்ற ஏழு பேரைப் பிறகு பார்ப்போம்.