எத்தனை அங்குலம் என்று கேட்பதற்கு முன்னால்...

கேள்வி: டொயோட்டா வியோஸ் ஓட்டுகிறேன். சப்வூஃபர் (பேஸ் என்னும் அடித்தள ஒலிக்கென்றே தனி ஸ்பீக்கர்) போட ஆசை. 12 அங்குலம் போடு, துளை வைத்த பெட்டி வாங்கு, அதுதான் அதிரும் என்கிறான் நண்பன். பிள்ளையின் தள்ளுவண்டி டிக்கியில்தான் இருக்கும். எண்பதுகளின் சினிமாப் பாட்டும் நாகஸ்வரக் கச்சேரியும்தான் அதிகம் கேட்பேன். எது வாங்கலாம் அண்ணே?
– வாசகர், யீஷூன்

பதில்: 10 அங்குலம், மூடிய பெட்டி. உங்களுக்கு அதுதான் தம்பி.

வூஃபரை விடப் பெட்டிதான் முக்கியம். 10 அங்குல வூஃபருக்கு மூடிய பெட்டி என்றால் உள்ளே 15 முதல் 20 லிட்டர் இடம் பெரும்பாலும் போதும். துளை வைத்த 12 அங்குலப் பெட்டி 50 லிட்டர் வரை கேட்கும். அப்புறம் தள்ளுவண்டியை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இடத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்று, ஸ்பிரிங் மாதிரி கோனை (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பை) பிடித்து நிறுத்தும். அதனால் தவிலில் விழும் ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்கும். துளைப் பெட்டி அதே வாட்டில் கூடுதல் சத்தம் கொடுக்கும், உண்மைதான். ஆனால் எந்த அலைவரிசைக்கு அதை டியூன் செய்திருக்கிறார்களோ, அதற்குக் கீழே ஒலி சட்டென்று விழுந்துவிடும். கோனுக்கும் பிடிமானம் இருக்காது. சிறிய கார் அறையே அடித்தள ஒலியைத் தூக்கிக்கொடுப்பதால், மூடிய பெட்டி வீட்டில் கேட்பதைவிடக் காரில் நன்றாகவே கேட்கும்.

நீங்கள் கேட்கும் சினிமாப் பாட்டுகளின் உயிர் பேஸ் கிட்டாரில் இருக்கிறது. அதன் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 41 அதிர்வு) வரை இறங்கும். கதவில் இருக்கும் ஆறரை அங்குல ஸ்பீக்கர் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே திணறும். இரண்டுக்கும் நடுவில் விடுபட்டதை நிரப்பத்தான் சப்வூஃபர். டிக்கி மூடியை ஆட்டுவதற்கு அல்ல!

அட்டையில் 1,200 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதை விட்டுவிட்டு ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் வாட்) எவ்வளவு என்று பாருங்கள். 250 முதல் 300 வரை இருந்தால் தாராளம். ஆம்ப்ளிஃபையரும் அதே ஓம் (மின்தடை) அளவில் அதே வாட்டைக் கொடுக்க வேண்டும். இரட்டைக் காயில் (கம்பிச்சுருள்) வூஃபர் என்றால் கவனம்: இரண்டு 4 ஓம் காயிலை இணையாகச் சேர்த்தால் 2 ஓம், தொடராகச் சேர்த்தால் 8 ஓம். 2 ஓம் தாங்காத ஆம்ப் சூடாகி நின்றுவிடும்.

வயரில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருந்தே ஆகவேண்டும். அது இல்லாமல் வயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் கார் தீப்பிடிக்கும். எர்த் வயரை மாட்டுமுன் பெயிண்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். சிங்கப்பூரின் உபியிலோ காக்கி புக்கிட்டிலோ எந்தக் கடைக்குப் போனாலும் இந்த இரண்டையும் பார்க்காமல் சாவியை வாங்காதீர்கள்.

கடைசியாக, சப்வூஃபருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே, கதவு ஸ்பீக்கருக்கு அதற்கு மேலே என்று பிரித்துவிடச் சொல்லுங்கள். நீங்கள் ஓட்டுநர் இருக்கையில் உட்காருங்கள், இன்னொருவர் ஃபேஸ் சுவிட்சை (கோன் அசையும் திசையைத் தலைகீழாக்கும் சுவிட்ச்) மாற்றி மாற்றிப் போடட்டும். எந்தப் பக்கம் பேஸ் நிறைவாகக் கேட்கிறதோ அங்கேயே விடுங்கள். சரியாக அமைந்தால் ஒலி டிக்கியிலிருந்து வராது, முன்னாலிருந்து வருவதுபோல் இருக்கும். நம்பர் பிளேட் கடகடவென்றால் பின்னால் நுரை டேப் ஒட்டினால் போதும்.

கேள்வி: வாடகைக் கார் எடுத்துத் தனியார் வாடகை ஓட்டுநராக இருக்கிறேன். பயணிகளின் பைகளுக்கு டிக்கி காலியாக இருக்கவேண்டும். எனக்கு வழி உண்டா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: உண்டு. இருக்கைக்கு அடியில் வைக்கும் சப்வூஃபர் வாங்குங்கள், ஆம்ப் அதற்குள்ளேயே இருக்கும். பெரும்பாலும் 8 அங்குலம். 40 ஹெர்ட்ஸ் ஆழத்தை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் பாட்டுக்கு ஓர் உடம்பு வந்துவிடும். வாங்குமுன் இருக்கையை முன்னும் பின்னும் முழுக்கத் தள்ளி, அடியில் உள்ள உயரத்தை அளந்துகொள்ளுங்கள். சில கார்களில் ஏசி காற்றுக்குழாய் அங்கேதான் ஓடுகிறது. இதற்கும் பேட்டரியிலிருந்து வயர் இழுக்க வேண்டியிருக்கும். அதனால் காரை வாடகைக்கு விட்ட கம்பெனியின் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். குரலைக் குறைக்காமல் பேஸை மட்டும் குறைக்கும் சிறு ரிமோட் குமிழ் கூடவே வருகிறதா என்றும் பாருங்கள். பின்னால் பயணி தூங்கும்போது அதன் அருமை தெரியும்.

கேள்வி: மின்சாரக் காரில் சப்வூஃபர் போடலாமா?
– வாசகி, பொங்கோல்

பதில்: தாராளமாகப் போடலாம் அம்மா. இன்ஜின் சத்தம் இல்லாததால் குறைந்த ஒலியிலேயே நன்றாகக் கேட்கும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்துதான் மின்சாரம் எடுக்க வேண்டும், ஆரஞ்சு நிற வயர்கள் உயர் மின்னழுத்தம், அவற்றை யாரும் தொடக்கூடாது. உத்தரவாதம் பாதிக்குமா என்று கார் விற்றவரிடம் கேட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.