கஷ்டத்தை எழுதச் சொல்லாதீர்கள்

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் சிலர் சேர்ந்து, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் மாணவர்கள் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் சேர உதவிவருகிறோம். நன்கொடை குறைவு என்பதால் எல்லோரையும் எடுக்க முடிவதில்லை. மதிப்பெண்ணோடு, ‘என் குடும்பத்தின் கஷ்டங்கள்’ என்று ஒரு கட்டுரையும் எழுதி வாங்கித் தேர்ந்தெடுக்கிறோம். என் கேள்வி: இருக்கும் பணத்தை நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குச் செலவிடுவதா, ஆங்கிலப் பயிற்சிக்கா? பெரிய இடங்களைக் காட்டி இந்தப் பிள்ளைகளுக்கு வீண் ஆசை ஊட்டுகிறோமோ என்ற தயக்கமும் இருக்கிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வீண் ஆசை என்ற பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். வசதியான வீட்டுப் பையன் சுமாரான மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு பெரிய பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால், அவன் ஆசையை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

உங்களுக்கு நான் பதில் எழுதக் காரணம் நீங்கள் கேட்ட கேள்வி அல்ல. போகிறபோக்கில் எழுதிய அந்தக் கட்டுரை விஷயம். கொஞ்ச காலமாகவே இது என் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது.

ஒருமுறை ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகை நேர்காணலில் உட்கார்ந்திருந்தேன். இயற்பியலில் மிகுந்த ஈடுபாடு கொண்ட ஒரு பெண் வந்தாள். வானவில்லில் நிறங்கள் ஏன் அந்த வரிசையில் வருகின்றன என்று கைகளை வீசி விளக்கத் தொடங்கினாள். குழுவில் ஒருவர் குறுக்கிட்டு, “அப்பா குடிப்பாரா?” என்று கேட்டார். “ஆமாம்” என்றாள். அதற்குப் பிறகு அவளால் வானவில்லுக்குத் திரும்ப முடியவில்லை. அவள் வெளியே போனபின் உள்ளே வந்த மாணவன், நாங்கள் எதையும் கேட்பதற்கு முன்பே தன் தாயின் நோயை ஒப்பிக்க ஆரம்பித்தான். இந்த அறைக்குள் எது செல்லுபடியாகும் என்பது வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது.

நீங்கள் வாங்கும் கட்டுரையும் இதைத்தான் செய்கிறது. யார் அதிகம் துன்பப்பட்டார்கள் என்று பிள்ளைகளுக்குள் போட்டி வைக்கிறீர்கள். அந்தப் போட்டியில் வெல்வது துன்பம்கூட அல்ல, அதை எழுதும் திறமை. வீட்டுக் கதையை வெளியே சொல்லக் கூசும் பிள்ளை முதல் சுற்றிலேயே கழிந்துவிடும். உங்கள் நல்லெண்ணத்தில் எனக்குத் துளியும் ஐயமில்லை, ஆனால் பதினேழு வயதுப் பிள்ளையிடம் நீங்கள் செய்வது கொடுமை.

அப்படியானால் தேவைப்படுகிறவர்களை எப்படி அறிவது என்பீர்கள். அவர்களைப் பற்றிய விவரம் பள்ளியிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காக 2015-இல் தொடங்கிய ஒரு சோதனையைப் பாருங்கள். நன்றாகப் படிக்கும், வருமானம் குறைந்த வீட்டு மாணவர்களை அரசிடம் ஏற்கெனவே இருந்த விவரங்களைக் கொண்டே கண்டறிந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கடிதம் போனது: உனக்கு இடம் கிடைத்தால் நான்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் இலவசம், இதற்காக நீ வருமானத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. கடிதம் பெறாதவர்களில் 26 சதவீதம் பேர் விண்ணப்பித்தார்கள். பெற்றவர்களில் 68 சதவீதம். சேர்ந்தவர்கள் 12 சதவீதத்திலிருந்து 27 ஆக உயர்ந்தார்கள். கடிதம் வராத மாணவர்களுக்கும் ஏறக்குறைய இதே உதவி கிடைத்திருக்கும், படிவங்களை நிரப்பிக் காத்திருந்திருந்தால்! புதிதாகக் கொடுத்தது உறுதிமொழி ஒன்றுதான். பின்னர் இன்னொரு சோதனையில், ‘வருமானத்தை நிரூபித்தால் இலவசம்’ என்று எழுதிப் பார்த்தார்கள். மாணவர் சேர்க்கையில் அந்தக் கடிதம் அசைவு எதையும் ஏற்படுத்தவில்லை.

உறுதிமொழியை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொடுப்பவர்களான நாம், நம்மிடம் பணம் இருக்கிறது என்பதே அந்தக் குடும்பத்துக்குப் போதும் என்று நினைக்கிறோம். கையில் இருப்பு இல்லாத வீட்டில் ‘கிடைக்கலாம்’ என்பதை நம்பி யாரும் எதையும் முடிவுசெய்ய முடியாது. கிடைக்காமல் போனால் தாங்க அவர்களிடம் வேறு எதுவும் இல்லை. அதனால் பக்கத்திலிருக்கும், செலவு முன்கூட்டியே தெரிந்த ஏதோவொரு கல்லூரியில் சேர்த்துவிடுகிறார்கள். நாமோ இந்தப் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று பேசிக்கொண்டிருக்கிறோம். தன்னம்பிக்கை வகுப்புகூட நடத்துகிறோம்!

தகவல் சொன்னால் போதும் என்பதும் அப்படித்தான். வருமான வரிக் கணக்கு முடித்துத் தரும் ஒரு நிறுவனத்தின் கிளைகளில், அமெரிக்க ஆய்வாளர்கள் சில குடும்பங்களுக்குக் கல்வி உதவிப் படிவத்தை உடனிருந்து நிரப்பிக் கொடுத்தார்கள். வேறு சில குடும்பங்களுக்கு, என்ன உதவி கிடைக்கும் என்ற கணக்கை மட்டும் சொல்லி அனுப்பினார்கள். 2012-இல் வெளியான அந்த ஆய்வின்படி, உடனிருந்து நிரப்பியதில் அந்த வீட்டுப் பிள்ளைகள் கல்லூரியில் இரண்டாண்டு முடிப்பது 28 சதவீதத்திலிருந்து 36 ஆயிற்று. தகவலோடு அனுப்பப்பட்டவர்களிடம் பலன் எதுவும் தென்படவில்லை. துண்டறிக்கை அச்சடிப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

பயிற்சியா, ஆங்கிலமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு எதில் இடறுகிறதோ அதைச் சொல்லிக்கொடுங்கள். இதற்கு வெளியாள் யோசனை தேவையில்லை. ஆனால் பணம் முழுவதையும் அதில் கரைக்காதீர்கள். 2024-இல் தன்பாத் ஐஐடியில் இடம் பெற்ற ஒரு தினக்கூலித் தொழிலாளியின் மகன், இடத்தை உறுதிசெய்யும் கட்டணத்தைக் கெடு நேரத்துக்குள் செலுத்த முடியாமல் அந்த இடத்தை இழந்தான். உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அவனுக்கு அதை மீட்டுக் கொடுத்தது. நுழைவுத் தேர்வு என்ற மலையை ஏறிக் கடந்தவன் அவன். கெடு நாளில் கைகொடுக்க ஆள் இல்லாமல் போனதுதான் குறை. எத்தனை பேரால் உச்ச நீதிமன்றம் வரை போக முடியும்? பயிற்சிக்கு எவ்வளவு ஒதுக்கினாலும், இதற்கென்று ஒரு தொகையைத் தனியே எடுத்து வையுங்கள்.

முடிந்தால் ஒரே பல்கலைக்கழகத்துக்கு இரண்டு மூன்று பேரைச் சேர்த்து அனுப்பப் பாருங்கள். அமெரிக்காவில் போசி அறக்கட்டளை 1989 முதல் மாணவர்களைக் குழுவாகவே அனுப்பிவருகிறது. தனியாகப் போகும் பிள்ளை, முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்ததும் தான் தவறான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று முடிவுகட்டிவிடுகிறது. பக்கத்து அறையில் தன்னைப் போன்ற இன்னொருவர் அதே மதிப்பெண்ணோடு உட்கார்ந்திருந்தால் அப்படித் தோன்றாது.

இந்த ஆண்டுத் தேர்வை எப்போது தொடங்கப்போகிறீர்கள் என்று எழுதவில்லை. அதற்கு முன் கட்டுரைக் கேள்வியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், பிடித்த பாடம் எது, அதில் இன்னும் புரியாமல் இருப்பது எது என்று கேளுங்கள். எவ்வளவு தருவீர்கள், எந்தத் தேதியில் தருவீர்கள் என்பதைப் படிவத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். திருத்திய படிவத்தை எனக்கு ஒரு பிரதி அனுப்பிவையுங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்.