பனியில் நிற்கும் கொக்கைப் பலகையில் ஒட்டலாமா?

கேள்வி: டோக்கியோவில் வேலை பார்க்கும் மகன், ஜிம்போச்சோவில் உள்ள பழைய அச்சோவியக் கடை ஒன்றில் ஒஹாரா கோசனின் வெண்கொக்குப் படம் வாங்கி அனுப்பியிருக்கிறான். பிரேம் கடைக்காரர் ஓரத்தை வெட்டி, பலகையில் ஒட்டி, லேமினேட் செய்துவிடலாம் என்கிறார். ஹாலில் சோபாவுக்கு மேலே, ஜன்னலுக்கு எதிரே மாட்ட ஆசை. சரியாக வருமா? இது அசல்தானா?

பதில்: முதலில் கடைக்காரரிடம் போய்ப் படத்தைத் திரும்ப வாங்கிவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

கோசன் (1877–1945) கனசாவா நகரில் பிறந்தவர். பறவைகளையும் மலர்களையும் வரையும் ‘கச்சோகா’ மரபில் அண்மைக் காலத்தின் பெரிய பெயர். 1926 முதல் பதிப்பாளர் வத்தனபே ஷோசபுரோவுடன் சேர்ந்து ‘ஷோசன்’ என்ற கையெழுத்தில் பணியாற்றினார். அவர் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் ஒருவர், அச்சிடுபவர் வேறொருவர். வண்ணத்துக்கு ஒரு கட்டை என்ற கணக்கில் காட்டுச் செர்ரி மரத்தில் செதுக்குவார்கள். நீரில் கரைத்த சாயத்தைப் பூசி, கோசோ என்னும் மல்பெரி வகைச் செடியின் நாரில் செய்த காகிதத்தை மேலே வைத்து, ‘பரேன்’ என்னும் வட்டத் தட்டால் கையாலேயே தேய்த்து அச்செடுப்பார்கள்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் உங்கள் கொக்கின் வெள்ளைதான். அந்த வெள்ளை பெரும்பாலும் சாயமே அல்ல. மை படாத வெறும் காகிதம். இறகு வரிகளையும் பல அச்சுகளில் மையில்லாமல் அழுத்தியே புடைப்பாக எடுத்திருப்பார்கள். படத்தைச் சற்றுச் சாய்த்து, பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். இறகுகள் எழுந்து நிற்கலாம். சூடான லேமினேஷன் உருளைக்குள் போனால் அந்தப் புடைப்பு தட்டையாகிவிடும். மலிவான பலகையும் பசையும் அமிலம் கக்கிக் காகிதத்தைப் பழுப்பாக்கும், கொக்கும் பழுப்பாகும். காக்கைப் படமாக இருந்தால்கூடக் கொஞ்சம் தப்பிக்கும், வெண்கொக்குக்கு அந்தச் சலுகை இல்லை.

ஓரத்தையும் வெட்ட விடாதீர்கள். பதிப்பாளரின் முத்திரை பல நேரங்களில் அந்த ஓரத்தில்தான் இருக்கும். வத்தனபே நிறுவனம் காலந்தோறும் முத்திரையை மாற்றியிருக்கிறது. எந்தக் காலத்து அச்சு என்பதைச் சேகரிப்பாளர்கள் அதை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். முத்திரை போனால் பெறுமதியும் கணிசமாகக் குறையும்.

அசலா என்ற கேள்விக்கு ‘ஆம், இல்லை’ என்று ஒரே சொல்லில் பதில் கிடையாது. ஓவியர் இருந்தபோது எடுத்த அச்சு ஒன்று. அதே கட்டைகளில் பின்னாளில் எடுத்தது ஒன்று. புதிதாகக் கட்டை செதுக்கிக் கையால் அச்சிட்டது ஒன்று. மூன்றுமே மரக்கட்டை அச்சுகள்தாம், இந்த வரிசையில் விலைதான் ஏணி இறங்கும். இவற்றில் சேராதது இயந்திரப் பிரதி. அதை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் இயந்திரப் பிரதியில் நுண்புள்ளிகள் தெரியும். மர அச்சில் வண்ணம் காகித நாருக்குள் இறங்கிப் பரந்திருக்கும். பின்பக்கத்தில் வண்ணம் ஊறியிருப்பதும், பரேன் சுழன்ற தடங்களும் நல்ல அறிகுறிகள். முன்பக்கம் பிரமாதமாக இருந்து, பின்பக்கம் பளிச்சென்று வெறுமையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். முதல் மூன்றில் எது என்பதை முத்திரையைக் கொண்டு அனுபவசாலி ஒருவர்தான் சொல்ல முடியும்.

பிரேம் போடுபவரிடம் இப்படிக் கேளுங்கள்: அமிலமற்ற மவுண்ட் போர்டு, படத்தின் மேல் விளிம்பில் மட்டும், ஜப்பானியக் காகிதத் துண்டுகளால் செய்த இரண்டு கீல்கள், ஒட்டுவதற்குக் கோதுமை ஸ்டார்ச் பசை. செல்லோடேப் வேண்டவே வேண்டாம். கண்ணாடி காகிதத்தைத் தொடக் கூடாது; மவுண்ட் அந்த இடைவெளியைத் தரும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் போட்டால் நல்லது. ஆனால் அதைப் போட்டுவிட்டோமே என்று வெயிலில் மாட்டாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் வண்ணத்தைத் தின்னும்.

ஆகவே ஜன்னலுக்கு எதிரே வேண்டாம். சோபாவுக்கு மேலேயும் எனக்குச் சம்மதமில்லை. உங்கள் படம் ‘ஓபன்’ என்னும் ஜப்பானிய அச்சோவியக் காகித அளவு என்றால் சுமார் 38க்கு 26 செ.மீ.தான், அகலமான சுவரில் தபால்தலைபோல் தெரியும், புடைப்பைப் பார்க்க சோபாவில் ஏறி நிற்க வேண்டியிருக்கும். கிட்ட நின்று பார்க்கக்கூடிய குறுகிய சுவர், படிப்பறை, வெயில் எட்டாத நடை ஆகியவை பொருத்தம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். மழையில் ஈரம் கசியும் வெளிச்சுவர், சமையலறையையும் குளியலறையையும் ஒட்டிய சுவர் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். ஈரம் வந்தால் பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் கூடவே வரும்.

ஆண்டு முழுவதும் மாட்டி வைக்கவும் வேண்டாம். அருங்காட்சியகங்கள் இத்தகைய அச்சுகளைச் சுமார் 50 லக்ஸ் மங்கல் ஒளியில், சில மாதங்களே வைத்துவிட்டு இருட்டறைக்குத் திருப்பி அனுப்பும். ஜப்பானிய வீடுகளிலும் மாடத்துச் சுருள் ஓவியத்தைப் பருவத்துக்கு ஏற்ப மாற்றுவதுதான் வழக்கம். கச்சோகாவிலும் பறவையும் செடியும் பருவத்தைச் சொல்லியே வரும். பனிக்கொக்கைக் குளிர்மாதங்களில் மாட்டிவிட்டு, மற்ற நாள்களில் அமிலமற்ற உறையில் படுக்கை வாட்டில் வைத்துவிடலாம்.

சோபாவுக்கு மேல் ஏதாவது வேண்டுமே என்றால் அதற்கும் வழியுண்டு. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் கோசனின் அச்சுகள் நிறைய உள்ளன. தன் சேகரிப்பில் காப்புரிமை முடிந்த படைப்புகளின் துல்லியமான படங்களை அது இணையத்தில் இலவசமாகவே தருகிறது. பிடித்த பறவையைத் தரவிறக்கி, மூன்று அடி உயரத்துக்குப் பெரிதாக்கி அச்சடித்துக்கொள்ளுங்கள். அதை ஓரம் வெட்டினாலும், பலகையில் ஒட்டினாலும், லேமினேட் செய்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.