வானம் பார்த்த மனசு, மனை பார்க்கலாமா?

கேள்வி: பதினெட்டு வருடமாக ரப்பர் பால் வெட்டுகிறேன். விடியற்காலையில் வானத்தைப் பார்த்தாலே இன்று வெட்டலாமா வேண்டாமா என்று மனசு சொல்லிவிடும், பெரும்பாலும் தப்பாது. இப்போது மார்த்தாண்டம் பக்கம் ஏழு சென்ட் மனை பார்த்தேன். ‘இதுதான் நமக்கு’ என்கிறது மனசு. தரகர் வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கேட்கிறார். வீட்டில் அவள், ‘யோசிச்சு செய்யுங்க’ என்கிறாள். யார் பேச்சைக் கேட்பது?
– குலசேகரம் வாசகர்

பதில்: இந்த விஷயத்தில் வீட்டம்மா பேச்சை.

வானத்தைப் பற்றிய உங்கள் கணிப்பு தப்பினால் அன்றைக்கே தெரிந்துவிடும். மழை மரத்தில் வழிந்து சிரட்டைப் பாலை அடித்துக்கொண்டு போகும். அன்றைய வெட்டு வீண். ஜூன் மழையும் ஐப்பசி மழையும் சேர்ந்து கொட்டுகிற நம் மாவட்டத்தில் இந்தப் பாடம் வருடத்துக்குப் பல தடவை. அப்படி அடி வாங்கித் தேறிய மனசு அது. சரி, மனை இதுவரை எத்தனை வாங்கியிருக்கிறீர்கள்? அதில் தப்பு நடந்தால் தெரியவரப் பத்து வருடம்கூட ஆகலாம்.

உள்ளுணர்வு எங்கெல்லாம் காலை வாரும் என்று காட்டியவர், 2002-இல் பொருளாதார நோபல் பெற்ற உளவியலாளர் டேனியல் கானேமன். தீயணைப்பு வீரர்களிடம் பேசி அவர்களின் உள்ளுணர்வை ஆராய்ந்து மெச்சியவர் இன்னொரு உளவியலாளர் கேரி க்ளைன். எதிரெதிர் கட்சிக்காரர்களான இருவரும் 2009-இல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். விஷயத்தில் ஓர் ஒழுங்கு இருந்து, அதைப் பழகித் தேறவும் வாய்ப்பு இருந்தால்தான் உள்ளுணர்வை நம்பலாம் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. மனசு உறுதியாகச் சொல்கிறது என்பது மட்டும் போதாது என்றும் எழுதினார்கள்.

உங்கள் மனசு எதைப் பார்த்து ‘இதுதான்’ என்றது? ரோட்டோரம் என்பதாலா, ஓரத்தில் காய்த்து நிற்கும் மாமரத்தாலா, ‘வேற பார்ட்டி ரெடியா நிக்காங்க’ என்று தரகர் சொன்னதாலா? கடைசிக் காரணம் என்றால் பேசியது உங்கள் மனசே இல்லை, தரகர்தான்.

முப்பது வருட வில்லங்கச் சான்று எடுங்கள். மூலப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டுங்கள். முன்பு அது வயலா, குளத்துக்கரையா என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் போய், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். மழை பார்த்துப் பழகிய உங்கள் கண் அங்கே உதவும்.

அப்புறம் ஒன்று. தாளெல்லாம் சரியாக இருந்தும் ஏதோ உறுத்தினால் அதைத் தள்ளிவிடாதீர்கள், என்னவென்று தேடுங்கள். விட்டுப்போன மனைக்கு வேறு மனை கிடைக்கும்; கொடுத்த அட்வான்ஸைத் திரும்ப வாங்குவதுதான் பெரும்பாடு. வெள்ளிக்கிழமை தரகர் போன் செய்தால், ‘பேப்பர் எல்லாம் பார்த்துட்டுச் சொல்லுதேன்’ என்று சொல்லி வையுங்கள்.