தீக்குப் பின் பூக்கும் மஞ்சள்

வணக்கம். வட கரோலினாவின் மஞ்சள் குடுவைச்செடி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பைன் காட்டில் பூவா? கொடைக்கானல் பைன் காட்டில் சருகைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை. அதிலும் அந்தக் காட்டுக்கு வேண்டுமென்றே தீ வைக்கிறார்கள் என்கிறீர்கள். செடி கருகிப்போகாதா? மனசு கேட்கவில்லை.
– ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

கொடைக்கானலில் நீங்கள் பார்த்தது மனிதர்கள் நெருக்கி நட்ட பைன், அதன் அடியில் வெயிலே விழாது. நான் எழுதியது நெட்டிலைப் பைன் காடு. ஊசியிலை ஒவ்வொன்றும் ஒரு முழம்கூட இருக்கும், மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும், நடுவே புல்லும் வெயிலுமாகக் கிடக்கும். தாழ்வான இடங்களில் கால் வைத்தால் தண்ணீர் ஊறும். அந்த மண்ணில் சத்து கிடையாது, நைட்ரஜனுக்காகத்தான் இந்தச் செடி இலையையே குழலாக்கிப் பூச்சி பிடிக்கிறது.

ஏப்ரலில், குழல்கள் வாய் திறக்கும் முன்பே பூ வந்துவிடுகிறது. முட்டி போட்டுப் பார்த்தேன். ஐந்து மஞ்சள் இதழ்களும் நனைந்த ரிப்பன் மாதிரித் தொங்குகின்றன, ஒன்றை விரலால் விலக்கினால் உள்ளே தலைகீழாக விரிந்த ஒரு குட்டிக் குடை, அதில் மஞ்சள்பொடி தூவியதுபோல் மகரந்தம். பூனை மூத்திர வாடை அடிக்கிறது, ஆனாலும் எழுந்து வர மனமில்லை. குடையின் முனைகளில்தான் மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடி. பெருந்தேனீ அதை உரசிக்கொண்டு உள்ளே போகிறது, வரும்போது இதழைத் தள்ளிக்கொண்டு வேறு வழியாக வெளியேறுகிறது, அதனால் ஒரு பூவின் மகரந்தம் பெரும்பாலும் அதே பூவின் சூலகமுடியில் ஒட்டுவதில்லை.

சரி, தீ. அங்கே ஓடுவது புல்லையும் சருகையும் எரித்துவிட்டுச் சட்டென்று கடந்துபோகும் தாழ்ந்த தீ. செடியின் கிழங்குத்தண்டு ஈர மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். மின்னலும் பூர்வகுடிகளும் மூட்டிய தீயை இருபதாம் நூற்றாண்டில் தடுத்தார்கள். புதர் மண்டியது, நிழலில் செடி பூப்பதை நிறுத்தியது, பிறகு செத்தது. வெர்ஜீனியாவிலிருந்து டெக்சஸ் வரை சுமார் 9 கோடி ஏக்கர் இருந்த காடு, மரம் வெட்டியும் உழவுக்கு அழித்தும் தீயை நிறுத்தியும் இன்று அதில் 5 சதவீத அளவுக்குத்தான் மிச்சம். வட கரோலினாவின் கிரீன் ஸ்வாம்ப் காப்பகத்தில் இப்போது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, காற்றும் ஈரமும் பார்த்து, ஆட்களே எரிக்கிறார்கள். நான் போனபோது தரை கரியாகக் கிடந்தது, அதிலிருந்துதான் அத்தனை பூவும் நின்றது.

ஒன்று மட்டும், இதை நம் மலைகளுக்குப் பொருத்திவிடாதீர்கள். சோலைக்காட்டு மரங்கள் தீயோடு வளர்ந்தவை அல்ல, எரிந்தால் எளிதில் திரும்பி வராது.