நேர்க்கோட்டுக்கு ஷாக் கிடையாது!

(திரையில் வரும் தொழில்கள் பற்றிய வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர், தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அறுவை அரங்கிலும் பணியாற்றி ஓய்வு பெற்ற தலைமைச் செவிலியர்.)

மானிட்டரில் கோடு நேராகிறது. டாக்டர் ஓடிவந்து ஷாக் கொடுக்கிறார். நோயாளி துள்ளி விழுந்து கண் திறக்கிறார். உண்மையிலேயே இப்படி நடக்குமா?
– கல்லூரி மாணவி ஒருவர்

நடக்காது. கோடு நேராகிவிட்டால் இதயத்தில் மின் இயக்கமே நின்றுவிட்டது என்று பொருள். ஷாக் என்பது தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கானது. அந்தக் குழப்பத்தை ஒரு கணம் அடக்கிவைத்தால், இதயம் தன் தாளத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் கொடுப்பது. அப்போது மானிட்டரில் நேர்க்கோடு இருக்காது, கிறுக்கல்தான் இருக்கும். நேர்க்கோட்டுக்கு மார்பை அழுத்துவதும், மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அட்ரினலின் போடுவதும், எதனால் நின்றது என்று தேடுவதும்தான் வழி.

இன்னொன்றும் சொல்கிறேன். நேர்க்கோட்டைக் கண்டதும் அனுபவமுள்ள நர்ஸ் முதலில் நோயாளியைத் தொட்டுப் பார்ப்பாள், அடுத்து ஒயரைப் பார்ப்பாள். புரண்டு படுத்தாலே கழன்றுவிடும் ஒயர் அது. நாங்கள் பதறி ஓடினால், "என்ன சிஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

மார்பை அழுத்தும் காட்சியைப் பார்த்தால்தான் எனக்குப் பொறுக்காது. முழங்கையை மடக்கிக்கொண்டு, தலையணையில் பஞ்சைச் சரிசெய்வது போலத் தட்டுகிறார்கள். முழங்கை மடங்கவே கூடாது. பெரியவர்களுக்கு மார்பு 5 செ.மீ.க்குக் குறையாமல், 6 செ.மீ.க்கு மிகாமல் உள்ளே போக வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலெழ விட வேண்டும். விலா எலும்பு முறிவது உள்ளங்கைக்குத் தெரியும். முறிந்தாலும் நிறுத்தக் கூடாது. நல்ல உடற்கட்டுள்ள இளைஞனுக்கே இரண்டு நிமிடத்தில் வேகம் குறைந்துவிடும் என்பதால் ஆள் மாற்றுவோம். நன்றாகத் துடிக்கிற நடிகரின் நெஞ்சை அப்படி அழுத்த முடியாதுதான், அது ஆபத்து. ஆனால் அதற்கென்று பயிற்சிப் பொம்மை இருக்கிறதே!

பொழுதுபோக்குக்காக எடுப்பதில் இத்தனை குற்றம் பார்க்க வேண்டுமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்

எல்லாவற்றிலும் பார்ப்பதில்லை ஐயா. ஸ்டெதஸ்கோப்பின் காதுமுனைகள் முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அதைத் திருப்பி மாட்டிக்கொண்டு இதயத் துடிப்பைக் கேட்கும் கதாநாயகனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறேன். தொண்டையில் குழாய் இருக்கும்போதே கடைசி வசனம் பேசும் அப்பாவையும் விட்டுவிடலாம். அந்தக் குழாய் குரல் நாண்களுக்கு நடுவே போவதால் ஒரு சொல்கூட வராது, சைகைதான்.

விட முடியாதது ஒன்று உண்டு. 1996-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர், மூன்று தொலைக்காட்சித் தொடர்களில் இதயம் நின்றவர்களுக்கு என்ன ஆனது என்று உட்கார்ந்து கணக்கெடுத்தார்கள். 100-க்கு 75 பேர் அந்த நேரத்துக்குப் பிழைத்துக்கொண்டார்கள். 67 பேர் வீட்டுக்கே போய்விட்டதாகக் கதை. அதிலும் பெரும்பாலோர் குழந்தைகளும் இளவயதினரும். நிஜத்தில் மருத்துவமனைக்குள்ளேயே இதயம் நின்றால்கூட, உயிரோடு வீடு திரும்புவது நான்கைந்து பேரில் ஒருவர்தான். பெரும்பாலும் வயதானவர்கள், ஏற்கெனவே பல நோய் உள்ளவர்கள்.

இந்தக் கணக்கு எங்கே வந்து இடிக்கிறது தெரியுமா? தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில். எண்பது வயதுப் பெரியவர், புற்றுநோய் உடம்பெல்லாம் பரவிவிட்டது, நேர்க்கோடு. அரை மணி நேரம் அழுத்திவிட்டு வெளியே வந்து சொன்னால், மகன் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்: "ஒரே ஒரு தடவை கரண்ட் வைத்துப் பாருங்கள் சிஸ்டர்." வைத்தால் பயனில்லை என்று விளக்க அதுவா நேரம்? சொல்லாமல் விட்டாலோ, 'ஷாக் கொடுக்காமலே கைவிட்டுவிட்டார்கள்' என்று அந்தக் குடும்பம் காலமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும். பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டு நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். பழி வாசலில் நிற்பவள் மேல்தானே?

நாடியைப் பிடித்துப் பார்த்தே "நீங்கள் தாயாகப் போகிறீர்கள்" என்கிறார்களே?
– இல்லத்தரசி ஒருவர்

கருவுற்றால் நாடி கொஞ்சம் வேகமெடுக்கும். காய்ச்சல் வந்தாலும் எடுக்கும், மாடிப்படி ஏறினாலும் எடுக்கும், மாமியார் பக்கத்தில் நின்றாலும் எடுக்கும். சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

"தாயா, குழந்தையா, யாரைக் காப்பாற்ற?" என்று டாக்டர் வந்து கேட்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு பிரசவ அறையிலிருந்து யாரும் வெளியே வந்து நான் பார்த்ததில்லை. தாயின் மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் நிலைப்படுத்துவதுதான் உள்ளிருக்கும் குழந்தைக்கும் செய்யும் முதல் உதவி. இரண்டையும் எதிரெதிர்த் தட்டில் வைப்பது வசனகர்த்தாவின் வேலை.

தொடர்களில் நர்ஸ் என்றால், "டாக்டர், பேஷண்ட் கண் விழித்துவிட்டார்!" என்று ஓடி வருபவர் மட்டும்தானா?
– செவிலியர் படிப்பு மாணவர் ஒருவர்

அந்த ஓட்டமாவது கொடுக்கிறார்களே, சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள்! ஊசி போடுவது, ரத்தம் எடுப்பது, படுக்கையருகே விடிய விடிய உட்கார்ந்திருப்பது எல்லாமே திரையில் பெரிய டாக்டரின் வேலை. நிஜத்தில் ஒரே நோயாளியோடு இரவு முழுக்க உட்கார்ந்திருக்கும் சர்ஜனை நான் பார்த்ததில்லை. மணிக்கொரு தரம் சிறுநீர் அளவைக் குறிப்பது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, பணி மாறும்போது ஒவ்வொரு மருந்தையும் அடுத்தவரிடம் வாய்விட்டுச் சொல்லி ஒப்படைப்பது: இவற்றில் எதுவும் கேமராவுக்கு வேண்டாம். நோயாளியின் முகத்தில் ஏதோ சரியில்லை என்று மற்றவர்களுக்கு முன்பே தோன்றுவது, அவரை அன்று காலையில் துடைத்துவிட்டவளுக்குத்தான். அதையாவது யாராவது எடுக்கலாம்.

அறுவை சிகிச்சைக் காட்சி வந்தால் உங்கள் கண் எங்கே போகும்?
– வங்கி ஊழியர் ஒருவர்

கைக்கு. கையுறை போட்ட கையால் முகக்கவசத்தை இழுத்துவிட்டு வசனம் பேசினால், அந்தக் கை அப்போதே அசுத்தம். கையுறையை மாற்றாமல் நோயாளியைத் தொட எந்த நர்ஸும் விடமாட்டாள், அவர் எவ்வளவு பெரிய சர்ஜனாக இருந்தாலும்.

அடுத்து, எண்ணிக்கை. தையல் போடுவதற்கு முன் பஞ்சுத்துணி, ஊசி எல்லாவற்றையும் இரண்டு பேர் சத்தமாக எண்ண வேண்டும். ஒரு துணி குறைந்தால் அரங்கமே நின்றுவிடும். குப்பைக் கூடை, தரை, மடிப்பு எல்லாம் தேடி, கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே எடுப்போம். அதில் தெரிய வேண்டும் என்றே அந்தத் துணியில் ஓர் இழை வைத்திருக்கிறது. இதைவிடப் பரபரப்பான காட்சி வேண்டுமா?

கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு, தத்தம் பெயரையும் பொறுப்பையும் சொல்லி, நோயாளி யார், எந்தப் பக்கம் என்று உறுதிசெய்வதும் திரையில் வராது. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த 19 அம்சப் பட்டியலில் உள்ள வேலை இது. எட்டு நாடுகளில் எட்டு மருத்துவமனைகளில் அதைச் சோதித்தபோது, அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8-க்கு இறங்கியது. ஆனால் ஒரு காகிதத்தைப் படித்து உயிர் காப்பாற்றினால் கதாநாயகனுக்குக் கைதட்டல் கிடைக்குமா?

மற்ற தொழில்காரர்களும் இப்படித்தான் புலம்புவார்களா?
– அதே வங்கி ஊழியர்

எங்கள் உறவில் வழக்கறிஞர் ஒருவர் இருக்கிறார். நீதிமன்றக் காட்சி வந்தாலே எழுந்து போய்விடுவார். நீதிபதி சுத்தியலால் தட்டுவது அமெரிக்கப் பழக்கம், இங்கிலாந்து நீதிமன்றங்களில் அது கிடையவே கிடையாது என்பார். கடைசி நிமிடத்தில் கதவைத் திறந்துகொண்டு வரும் சாட்சியை விட, 'வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது' என்ற வரிதான் தனக்குப் பழக்கம் என்பார். காவல்துறையிலும் கதை அதுதான். டி.என்.ஏ. முடிவு விளம்பர இடைவேளைக்குள் வந்துவிடுகிறது.

உதவி இயக்குநராக இருக்கிறேன். அவசர சிகிச்சைக் காட்சி ஒன்று எழுதுகிறேன். ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள்.
– இளைஞர் ஒருவர்

கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையில் ஒருவர்தான் கட்டளையிடுவார். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்வார். மூலையில் ஒருத்தி கடிகாரத்தைப் பார்த்து, எந்த மருந்து எத்தனை மணிக்குப் போனது என்று எழுதிக்கொண்டே இருப்பாள். அவளுக்கு வசனம் வேண்டுமென்றால் இதைக் கொடுங்கள்: "இரண்டு நிமிடம் ஆயிற்று, ஆள் மாறுங்கள்."